நீராவிக் கலத்தின் வரலாறும் எமது அடுக்களையும்

பானையில் நீர் கொதித்து ஆவி எழுவதை அறியாத பிள்ளையும் எமது கரையோரத்தில் இல்லை. தைத்திங்கள் முதல் நாளில் பொங்கற்பானை பொங்கி வழிவதைக் கண்டு மகிழ்கின்றோம். புட்டுக்குழலின் வாயில் ஆவி பறந்ததும் புட்டு வெந்துவிட்டதென அறிந்து இறக்குகின்றோம். இடியப்பத் தட்டுக்களை அடுக்கி ஆவியிலே அவிக்கின்றோம். இவை யாவற்றிலும் ஓர் ஒற்றுமை உண்டு. ஆவி வெளியேறுவதற்கு வழி எப்பொழுதும் திறந்தே இருக்கிறது. ஆதலின் நம் முன்னோர்க்கு அடுக்களை ஆவி ஒரு துணையாய் இருந்ததேயன்றிப் பேரச்சந் தரும் பொருளாய் இருந்ததில்லை.

இன்றோ அதே அடுக்களையிலே ஆவியின் வழியை வேண்டுமென்றே அடைக்கும் ஒரு கலம் வந்து அமர்ந்திருக்கிறது. அதுவே பிறஷர் குக்கர் என நாம் வழங்கும் அமுக்கக் கலம். கொழும்புக் கடைகளிலிருந்தும், இந்தியா சென்று மீண்டோர் கைகளிலும், மத்திய கிழக்கு நாடுகளில் உழைத்துத் திரும்பியோர் பெட்டிகளிலும், கலியாணப் பரிசுகளோடும் அது எமது இல்லங்களுக்கு வந்து சேர்ந்தது. அதனோடு வந்த சிறு கைந்நூலோ, பெரும்பாலும் படிப்பாரின்றிப் பெட்டியோடு வீசப்பட்டது. சோறு வடிக்க மகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தாய் இருந்தாள். தாய்க்குப் பாட்டி இருந்தாள். இக்கலத்தைக் கையாளக் கற்றுக்கொடுக்கவோ, எமது இல்லங்கள் பலவற்றில் முந்திய தலைமுறையில் ஒருவரும் இருந்திலர். கேட்டறிந்ததும் கண்டறிந்ததுமே எமக்குப் பாடமாயின.

இக்குறையை ஓரளவேனும் நீக்கும் பொருட்டு, அமுக்கக் கலத்தின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுந்தோம். சமையற் பாத்திரத்திற்கும் வரலாறு உண்டோ என இளைஞர் நகைத்தல் கூடும். உண்டு. அக்கலத்தின் மூடியிலுள்ள ஒவ்வோர் உறுப்பும் மனிதர் விலை கொடுத்துக் கற்ற பாடமாகும். சில பாடங்களுக்கு உயிர்களே விலையாயின.

பப்பின் என்னும் அறிஞர்

1647ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டின் புளுவா நகரை அடுத்த ஊரொன்றிற் பிறந்தவர் டெனிஸ் பப்பின். மருத்துவம் கற்றவர், எனினும் அவர் மனம் சென்றது இயந்திரங்களின் மீதே. பாரிசு நகரில் ஐகன்சு என்னும் பேரறிஞருக்கு உதவியாளராய் இருந்து, 1675இல் இலண்டனை அடைந்து, றொபேட் பொயில் என்பாருடன் காற்றைப் பற்றிய ஆராய்ச்சிகளிலே ஈடுபட்டார். 1679ஆம் ஆண்டில் அவர் ஒரு கலத்தைச் செய்து இலண்டன் றோயல் சங்கத்து அறிஞர் முன் காட்டினார். தடித்த உலோகத்தாலான அக்கலத்தின் மூடியைத் திருகாணியால் இறுக்கிவிட்டுத் தீயிலிட்டால், உள்ளேயிருக்கும் கடினமான எலும்பும் மெத்தென்று ஆகிவிடும். ஆதலின் அதனை ‘செரிக்கச் செய்யும் கலம்’ என்னும் பொருள்படப் பெயரிட்டார்.

1682ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே றோயல் சங்கத்தார் சிலருக்கு அக்கலத்திலேயே இராவுணவு சமைத்து வழங்கினார். அவ்விருந்தில் இருந்த யோன் ஈவ்லின் என்பவர் அதனைத் தம் நாட்குறிப்பிலே வியந்து எழுதியிருக்கிறார். எலும்புகள் பாற்கட்டிபோல் மென்மையாய் இருந்தனவாம். அதற்குச் செலவான நிலக்கரியோ அரை இறாத்தலுக்கும் குறைவு. 2022ஆம் ஆண்டிலே எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையிற் காத்துநின்ற எமக்கு, இச்சிக்கனத்தின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

நிற்க. எலும்பு மென்மையானது எங்ஙனம்? கடல்மட்டத்தில் உள்ள எமது ஊர்களில், திறந்த பானையிலே நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். அதன்மேல் எவ்வளவு விறகை எரித்தாலும் நீரின் வெப்பநிலை ஏறாது; நீர் விரைவாக வற்றுவதே மிச்சம். கலத்தை அடைத்துவிட்டாலோ ஆவி உள்ளே சேர்ந்து நீரின் மேல் அமுக்கத்தைக் கூட்டுகிறது. ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய ஒரு கிலோகிராம் நிறையளவு அமுக்கம் மேலதிகமாகச் சேர்ந்தால், நீர் 120 பாகையளவிலேயே கொதிக்கும். இருபது பாகை ஏறியதனால் கடலையும் இறைச்சியும் மூன்றிலொரு பங்கு நேரத்தில் வெந்துவிடுகின்றன.

இதற்கு மாறானதை மலைநாட்டிற் காணலாம். ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவிலே காற்றின் அமுக்கம் குறைவாதலால் நீர் 94 பாகையளவில் கொதித்துவிடும். பருப்பு வேக நெடுநேரமாகும். 1835ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவின் அந்தீசு மலையைக் கடந்த சாள்ஸ் டாவினின் வழித்துணைவர், இரவு முழுவதும் கொதித்தும் உருளைக்கிழங்கு வேகவில்லையெனக் கண்டு, புதுப்பானை செய்த சதியென அதனை வைதனராம். குற்றம் பானையினுடையதன்று, மலையின் உயரத்தினுடையது.

பப்பின் தம் கலத்தை ஆக்கியதோடு அமைந்துவிடவில்லை. அடைபட்ட ஆவி அளவுமீறினால் கலம் வெடிக்கும் என்பதை உணர்ந்து, மூடியிலே ஒரு சிறு துளையிட்டு, அதனை ஒரு தக்கையால் மூடி, அத்தக்கையின்மேல் நிறை தொங்கிய ஒரு நெம்புகோலை அழுந்த வைத்தார். அமுக்கம் அளவைக் கடந்ததும் ஆவி தானே நிறையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும். அளவு குறைந்ததும் நிறை மீண்டும் அமர்ந்துவிடும். இதுவே காப்பு வால்வு. இன்று எமது அடுக்களையிலே விசில் அடித்துத் துள்ளும் அச்சிறு நிறை, பப்பின் ஏற்றிய நிறையின் வழித்தோன்றலே. கலத்தை அடைத்தது அவரது திறமை. அடைத்த கலத்திற்கு ஒரு வழி விட்டது அவரது ஞானம்.

அவ்வறிஞரின் முடிவு இரங்கத்தக்கது. அவர் புரட்டஸ்தாந்து சமயத்தவர். 1685இல் பிரான்சு அரசன் அச்சமயத்தார்க்கு அளித்திருந்த உரிமையை நீக்கியதனால் தாய்நாடு திரும்ப இயலாது, செருமனியிலே பேராசிரியராய் இருந்து, நீராவியால் ஆடுதண்டை இயக்கும் வழியையும் 1690இல் எழுதி வெளியிட்டார். ஈற்றிலே இலண்டனுக்கு மீண்டு, 1713ஆம் ஆண்டளவில் வறுமையிலே மறைந்தார்.

கிறீனிச்சில் நிகழ்ந்தது

பப்பினின் எண்ணம் பிறர் கையிலே நீராவி இயந்திரமாக வளர்ந்தது. உயரமுக்க ஆவியைக் கொண்டு சிறிய இயந்திரங்களை இயக்கிக் காட்டியவர் இங்கிலாந்தின் றிச்சட் திரெவிதிக். 1803ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்தில், இலண்டனை அடுத்த கிறீனிச்சிலே அவருடைய கொதிகலம் ஒன்று வெடித்து நால்வர் மாண்டனர். நிகழ்ந்தது யாதெனில், இயந்திரத்தைக் காவல் செய்த சிறுவன் விலாங்குமீன் பிடிக்கப் போய்விட்டான். பொறுப்பை ஏற்ற கூலியாளோ, இயந்திரம் கடுகி ஓடுவதைக் கண்டு அதனை நிறுத்தினான். ஆனால் ஆவியை வெளிவிடும் நெம்புகோல் எழாதவாறு ஒரு திருகுசாவியால் இறுக்கப்பட்டிருந்ததை அவன் நீக்கவில்லை. இயந்திரம் நின்றது, தீ நிற்கவில்லை, ஆவிக்கு வழியுமில்லை. சிறிது நேரத்தில் கலம் சிதறியது.

இந்நிகழ்ச்சியைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். கலத்தைக் கெடுத்தது நீராவியின் கொடுமையன்று. காவலிருந்தவன் அகன்றான், அறியாதவன் கையில் பொறுப்பு விழுந்தது, வழி அடைக்கப்பட்டிருந்தது. இம்மூன்றும் ஒருங்கு சேர்ந்தமையே கேடாயிற்று. அதன்பின் திரெவிதிக் தம் கலங்களுக்கு ஒன்றிற்கு இரண்டாக வால்வுகளை அமைக்கலானார். அன்றியும் ஈயத்தாலான ஒரு செருகியைக் கலத்திலே பதித்தார். நீர் வற்றிக் கலம் அளவுமீறிக் காயுமானால் ஈயம் உருகி வழிவிடும். எமது குக்கர் மூடியிலே விசிலுக்கு அப்பால் ஒரு சிறு உலோகச் செருகி இருக்கக் காண்கிறோமன்றோ? அதன் நடுவேயுள்ள எளிதில் உருகும் கலப்புலோகம், கிறீனிச்சிலே மாண்ட நால்வரின் நினைவுச் சின்னம் என்று கூறினும் பொருந்தும்.

ஆயினும் உலகம் ஒருமுறையிற் கற்றுக்கொள்ளவில்லை. 1905ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்காவின் பிறொக்ரன் நகரிலே சப்பாத்துத் தொழிற்சாலையொன்றின் கொதிகலம் வெடித்து 58 பேர் மாண்டனர். இத்தகைய அழிவுகளின் பின்னரே, 1915இல் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தார் கொதிகலங்களுக்குரிய விதிநூலை வெளியிட்டனர்.

எமது கரையிலே நீராவி

எமது மாவட்டமும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. புகையிரதப் பாதை 1916இல் சிலாபத்தையும் 1926இல் புத்தளத்தையும் அடைந்தபோது, தென்னந்தோப்புக்களினூடே கரியைக் கக்கி வந்த நீராவி இயந்திரங்கள் ஒவ்வொன்றின் முதுகிலும் பப்பினின் காப்பு வால்வு இருந்தது. நிலையத்தில் நிற்கும்போது சீறியெழுந்த வெண்புகை, அளவு கடந்த ஆவி தன் வழியே வெளியேறியதன்றி வேறன்று.

இன்று கற்பிட்டிக் குடாநாட்டின் நுரைச்சோலையிலே நிற்கும் அனல் மின்னிலையமும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. 2011இல் முதற்பகுதியும் 2014இல் ஏனைய பகுதிகளும் இயங்கத் தொடங்கி, 900 மெகாவாற்று வலுவுடையதாய் அமைந்த அந்நிலையத்தில் நிலக்கரியை எரிப்பது நீரை ஆவியாக்குதற்கே. அங்கே ஆவியின் அமுக்கம் எமது குக்கரின் அமுக்கத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேற்பட்டது. பயிற்சி பெற்ற பொறியியலாளர் இரவுபகலாய் அளவுகருவிகளைக் கண்காணிக்கின்றனர். எமது அடுக்களைக் கலத்திற்கோ அளவுகருவியும் இல்லை; பொறியியலாளரும் இல்லை. அடுப்பருகே நிற்கும் தாயோ தமக்கையோ தான் அங்கே பொறியியலாளர். அவருக்கு நாம் அளித்த பயிற்சி என்ன?

அடுக்களைக்கு வந்த வழி

இயந்திரமாய் வளர்ந்த நீராவிக் கலம் மீண்டும் உணவுக்குத் திரும்ப நெடுங்காலமாயிற்று. 1879இல் பஸ்ரரின் உதவியாளரான சாள்ஸ் சம்பலான் என்பார் அதே முறையிலே கிருமிகளை அழிக்கும் கலத்தை ஆக்கினார். இன்றும் வைத்தியசாலைகளில் கத்தி கத்தரிகளைத் தூய்மையாக்குவது 121 பாகை வெப்பமுள்ள அவ்வாவியே. 1939இல் நியூயோர்க் உலகக் கண்காட்சியிலே இல்லத்துக்குரிய சிறு அமுக்கக் கலம் காட்டப்பட்டு மக்களின் மனத்தைக் கவர்ந்தது.

எமது அடுக்களைகளுக்கு நெருங்கிய வரலாறு இந்தியாவினுடையது. 1959ஆம் ஆண்டில் அங்கு இரண்டு நிறுவனங்கள் குக்கர் செய்யத் தொடங்கின. ஒன்று ஹோக்கின்ஸ். மற்றையது, பின்னாளில் இந்திய நிதியமைச்சராய் விளங்கிய ரி. ரி. கிருஷ்ணமாச்சாரி 1928இல் சென்னையிலே தொடங்கிய வணிக இல்லத்தைச் சேர்ந்த பிரஸ்டீஜ். முன்னையதன் மூடி உட்புறமாய் நுழைந்து மூடுவது; உள்ளே ஆவி இருக்குமட்டும் ஆவியே மூடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பின்னையதன் மூடி மேற்புறமாய் அமர்ந்து, கைப்பிடியைத் திருப்பப் பூட்டிக்கொள்வது.

1970களிலே வட இந்தியாவில் குக்கர்கள் வெடிப்பதாகச் செய்திகள் எழுந்தன. கிருஷ்ணமாச்சாரியாரின் பேரர் ரி. ரி. ஜெகந்நாதன் நேரிற் சென்று காரணத்தை ஆராய்ந்தார். உருகவேண்டிய காப்புச் செருகி கெட்டதும், கடைகளில் மலிவாகக் கிடைத்த போலிச் செருகிகளை மக்கள் வாங்கிப் பொருத்தியதைக் கண்டார். அவை உருகவேண்டிய வேளையில் உருகவில்லை. கிறீனிச்சின் திருகுசாவி போலிச் செருகியாய் மறுபிறப்பு எடுத்திருந்தது. மனிதர் போலியை வாங்குவதைத் தடுத்தல் அரிதென உணர்ந்து, மூடியின் விளிம்பிலே ஒரு நீள்துளை வெட்டி, அமுக்கம் மிகுந்தால் உள்ளிருக்கும் இறப்பர் வளையமே அத்துளை வழியாய்ப் பிதுங்கி ஆவியை வெளிவிடுமாறு செய்தார். இவ்வாறு விசில், செருகி, விளிம்புத்துளை என ஒன்றின்பின் ஒன்றாய் மூன்று வழிகள் அமைந்தன. நாம் செய்ய வேண்டுவது ஒன்றே: அவ்வழிகளை அடையாதிருத்தல்.

இல்லத்திலே கைக்கொள்ள வேண்டியவை

முதலாவதாக, மூடுமுன் மூடியை எடுத்து யன்னல் ஒளிக்கு நேரே பிடித்து, விசில் அமரும் சிறுகுழாயினூடே பார்த்தல் வேண்டும். ஒளி தெரியாவிடின் அங்கே பருப்போ கீரையோ அடைத்திருக்கிறது. கம்பியால் நீக்கி நீர்விட்டுக் கழுவுக. எமது பகுதியின் பல கிணறுகளின் நீர் வன்னீராதலின், கேத்திலின் அடியிற் படியும் வெண்படிவு இக்குழாயிலும் படியக்கூடும். ஆதலின் எமது இல்லங்களில் இச்சோதனையை நாடோறும் செய்தல் நன்று.

இரண்டாவது, அளவு. எவ்வகைச் சமையலாயினும் கலத்தின் மூன்றிலிரண்டு பங்குக்கு மேல் நிரப்பலாகாது. அரிசி, பருப்பு, கௌபி, கடலை முதலியன பொங்கி நுரைப்பனவாதலின் பாதியோடு நிறுத்துக. நுரை மேலெழுந்து குழாயை அடைப்பதே இங்கு வரும் ஆபத்து. நீரின்றியும் அடுப்பேற்றலாகாது, ஒரு பெரிய கிளாசு நீரேனும் இருத்தல் வேண்டும். எண்ணெயை ஊற்றி, மூடி பொரிக்க முயல்வது பெருந்தவறு.

மூன்றாவது, இறப்பர் வளையம். வெடிப்பு, இறுக்கம், தொய்வு காணின் மாற்றிவிடுக. சமைத்தபின் கழற்றிக் கழுவி உலர்த்துக. வளையமும் செருகியும் அதே நிறுவனத்தின் அதே அளவினதாய் இருத்தல் அவசியம். செருகி உருகிவிட்டதாயின் அது கலத்தைக் குறைகூறும் வேளையன்று. நீர் வற்றியதா, குழாய் அடைத்ததா என ஆராயும் வேளை. அத்துளையை ஆணியாலோ பசையாலோ அடைப்பவர் தம் இல்லத்திலே வெடிகுண்டு வைப்பவரேயாவர்.

நான்காவது, தீ. விசில் எழுந்ததும் தீயைக் குறைத்தல் வேண்டும். பெருந்தீயால் உணவு விரைந்து வேகாது, நீரே விரைந்து வற்றும். விறகடுப்பிலே தீயைக் குறைத்தல் எளிதன்று. ஆகவே அங்கே வைப்போர் கொள்ளிகளை வெளியே இழுக்கச் சித்தமாய் அருகிலேயே நிற்பாராக. தீ நன்றாய் எரிந்தும் வழக்கமான நேரத்தில் விசில் எழாவிடின், கலத்தைத் தொடாது அடுப்பை அணைத்துவிட்டு விலகி நிற்க. அலைபேசியில் உரையாட வெளியே செல்பவர், விலாங்கு பிடிக்கப்போன சிறுவனை நினைவு கூர்வாராக.

ஐந்தாவதும் மிக முக்கியமானதும் திறக்கும் வேளை. இருபது சென்ரிமீற்றர் அகலமுள்ள மூடியின் பரப்பு 314 சதுர சென்ரிமீற்றர். ஆகவே உள்ளிருக்கும் ஆவி அதனை ஏறக்குறைய 314 கிலோகிராம் நிறையளவான விசையுடன் மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. ஐம்பது கிலோ அரிசி மூடைகள் ஆறினை ஒருங்கே தூக்கவல்ல விசை அது! கைப்பிடியை வலிந்து திருப்புவோர் இவ்விசையை அவிழ்த்துவிடுகின்றனர். அடுப்பை அணைத்து, கலம் தானே ஆறும்வரை காத்திருத்தலே நன்று. பின் விசிலை அகப்பைக் காம்பால் சிறிது உயர்த்துக. சீறும் ஓசை எழாவிடின் திறக்கலாம். திறக்கையில் மூடியின் மறுபுறத்தை முகத்திலிருந்து விலக்கிச் சாய்த்துத் தூக்குக. மூடி திறக்க மறுத்தால், அது எம்மைக் காக்கவே மறுக்கிறது என்றுணர்ந்து பொறுத்திருப்போமாக.

இத்தனையும் கடந்து எவருக்கேனும் ஆவியாற் சுட்டுவிட்டால், மோதிரம், காப்பு முதலியவற்றை உடனே கழற்றி, ஓடும் குளிர்நீரிலே 20 நிமிடம் பிடித்தல் வேண்டும். பற்பசை, தேங்காயெண்ணெய், பனிக்கட்டி ஆகியவற்றை இடலாகாது. தோலோடு ஒட்டிய துணியைப் பிய்த்தெடுத்தலும் கூடாது. தூய துணியால் மெல்ல மூடி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்சு வரும்.

முடிவுரை

பப்பின் ஆவியை அடைத்தார். அடைத்ததோடு அதற்கு வழியும் விட்டார். அதன்பின் வந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளின் வரலாறு, அவ்வழியை மறந்தோர் கெட்டதும், மறவாதோர் பிழைத்ததுமேயாம். இல்லத்திலே இதனை மறவாது காப்பது அன்னையர்க்கு மட்டும் உரிய கடனென்று வாலிபர் ஒதுங்குதல் தகாது. வெந்ததை உண்ணும் அனைவர்க்கும் அக்கடன் உண்டு. எமது சங்கத்து இளைஞர் ஒவ்வொருவரும் இன்றே தம் வீட்டுக் கலத்தின் மூடியை ஒளிக்கு நேரே பிடித்துப் பார்ப்பாராக; வளையத்தைச் சோதிப்பாராக; செருகி போலியாயின் மாற்றுவாராக; பின் அதனைத் தம் தாய்க்கும் தங்கைக்கும் தம்பிக்கும் எடுத்துரைப்பாராக. அவ்வாறு செய்யின், முந்திய தலைமுறை கற்றுத்தர இயலாததை இத்தலைமுறை அடுத்த தலைமுறைக்குக் கற்றுத்தந்ததாகும். எமது இல்லங்களில் பானையும் பொங்குக, விசிலும் ஒலிக்க, எவர் மேனியிலும் சுடாதிருக்க.